வாட் ஒன்றாக இருந்தால் பல்பும் சோக்கும் பொருந்திவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பீன்யாவில் அப்பா முப்பது வருஷத்துக்கு முன் போட்ட லேத் பட்டறை. தகரக் கூரைக்குக் கீழே ஆறு மெர்குரி ஃபிட்டிங் தொங்குகின்றன, நாலு எரிகின்றன, இரண்டு எரியவில்லை. சோக்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டு சூட்டில் கருகி எழுத்தே தெரியவில்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பழைய சரக்காக 250 வாட் மெர்குரி பல்ப் இரண்டு கிடைத்தது, மரை ஹோல்டரில் கச்சிதமாக ஏறுகிறது, "வாட் ஒன்றாக இருந்தால் எந்த சோக்கிலும் மாட்டலாம்" என்று கடைக்காரர் சொல்கிறார். அப்பா இருந்தவரை இதெல்லாம் அவர் மனசில் இருந்தது, இப்போது கேட்க ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டலாமா என்பது கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் தீர வேண்டிய கேள்வி ஒன்று இதற்குள்ளேயே இருக்கிறது: எழுத்து அழிந்துபோன சோக் எந்த பல்புக்காகச் சுற்றப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது தெரிந்துவிட்டால் மற்றது தானாகத் தீர்ந்துவிடும்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பெங்களூர் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலைகளில் மின் பராமரிப்பு வேலை பார்த்தேன், அதில் பாதி வருஷம் இந்த மெர்குரி, சோடியம் விளக்குகளோடுதான் போயிற்று. அதனால் நேராகச் சொல்கிறேன், இன்னும் மாட்டாதீர்கள். மரை பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 250 வாட் மெர்குரி, 400 வாட் மெர்குரி, 250 வாட் சோடியம், 400 வாட் சோடியம் எல்லாவற்றுக்கும் அதே பெரிய மரைதான், இ-40 என்பார்கள். 80 வாட்டும் 125 வாட்டும் சின்ன மரையிலோ மூன்று குச்சி வைத்த மூடியிலோ வரும், ஆகவே அந்த இரண்டும் உங்கள் ஹோல்டரில் ஏறாது, அந்த மட்டுக்கும் நிம்மதி. வாட் ஒன்றாக இருப்பதும் போதாது. பார்க்க வேண்டியது ஆம்பியர்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கினால்தான் பின்னால் சொல்வது புரியும். சாதாரண குண்டு பல்பில் இருக்கிற கம்பி சூடாக ஆக அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதனால் அது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். மெர்குரி பல்பின் உள்ளே கம்பி கிடையாது. வெள்ளைப் பூச்சு பூசிய வெளிக் கண்ணாடிக்குள் விரல் நீளத்தில் ஒரு குவார்ட்ஸ் குழாய் இருக்கும், அதில் கொஞ்சம் ஆர்கான் வாயுவும் ஒரு சொட்டு பாதரசமும். அந்தக் குழாயில் பற்றுகிற ஆர்க்குக்கு எதிர்க்குணம்: ஆம்பியர் கூடக் கூட அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், குறையக் குறைய இன்னும் ஆம்பியர் இழுக்கும். நேராக 230 வோல்ட்டில் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் பல்ப் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துகிற கடிவாளம்தான் சோக். பல்புக்கு எவ்வளவு ஓடலாம் என்று தீர்மானிப்பது சோக், பல்புக்கு அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பல்பின் மேல் எழுதியிருக்கிற 250 வாட் என்பது, சரியான சோக்கோடு சேர்ந்து எரிந்தால் அது எடுக்கிற அளவு. வேறு சோக்கில் போட்டால் அதே பல்ப் 200 வாட்டும் எடுக்கும், 390 வாட்டும் எடுக்கும்.

இனி எண்கள். 230 வோல்ட் நாடுகளில் புழங்கும் மெர்குரி பல்புகளுக்கு இவை நிலையானவை, எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்து மாறுவது சொற்பம். 80 வாட் பல்ப் ஓடுவது 0.8 ஆம்பியரில். 125 வாட் 1.15 ஆம்பியர். 250 வாட் சுமார் 2.13 ஆம்பியர், பல்பின் இரண்டு முனைக்கு நடுவே 130 வோல்ட் அளவில் இருக்கும். 400 வாட் 3.25 ஆம்பியர், 135 வோல்ட் அளவு. சோடியத்துக்கு வாருங்கள்: 250 வாட் சோடியம் 3 ஆம்பியர், 100 வோல்ட். 400 வாட் சோடியம் நாலரை ஆம்பியருக்குப் பக்கம். பார்த்தீர்களா, மெர்குரியிலும் 250 இருக்கிறது, சோடியத்திலும் 250 இருக்கிறது, ஆனால் ஒன்று 2.13, இன்னொன்று 3. மெர்குரி அதிக வோல்ட்டில் குறைந்த ஆம்பியர், சோடியம் குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியர். வாட் மட்டும் ஒன்று. கடைக்காரர் சொன்ன விதி இந்த இடத்தில்தான் உடைகிறது.

இந்த எண்களை எப்படி அளப்பது என்பதில் ஒரு பெரிய குழி இருக்கிறது, அதில் எங்கள் பையன் ஒருவன் விழுந்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். அப்போது நான் இருந்த தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் ஷெட்டில் பெரிய மெர்குரி ஃபிட்டிங்குகள். ஒன்றில் பல்ப் போய்விட்டது, எடுத்து வந்த பல்பின் எழுத்தும் வெந்து போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த வயர்மேன், கெட்டிக்காரன், ஊகிக்காமல் அளந்து பார்க்கலாம் என்று, வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த அதே மாதிரி ஃபிட்டிங்கின் சப்ளை வயரில் கிளாம்பை மாட்டினான். 2.1 ஆம்பியர் காட்டியது. கீழே இறங்கி வந்து "அண்ணே, 250 வாட்தான்" என்று சொல்லி ஸ்டோரில் இருந்து 250 வாட் பல்பை வாங்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டான். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள், நானும் சரி என்றேன். அன்றைக்கு ராத்திரி அந்த ஒரு பல்ப் மட்டும் பக்கத்தில் இருந்ததை எல்லாம் மங்கலாக்கும்படி வெள்ளைவெளேரென்று எரிந்தது. எல்லோரும் புது பல்ப் அப்படித்தான் என்றார்கள். சில வாரத்தில் அணைந்து போயிற்று. கழற்றிப் பார்த்தால் மரைக்குப் பக்கத்தில் கண்ணாடி பழுப்பேறி, வெள்ளைப் பூச்சு வழியாகவே உள்ளே குழாய் கருத்திருப்பது தெரிந்தது. பழைய துணியைச் சுற்றி வெளிக் கண்ணாடியை உடைத்துப் பார்த்தபோது குவார்ட்ஸ் குழாய் நடுவில் கர்ப்பம் தரித்த மாதிரி வீங்கியிருந்தது. (நீங்கள் அப்படி உடைத்துப் பார்க்காதீர்கள், பாதரசம் இருக்கிறது, நாங்கள் செய்ததும் தப்புதான்.)

நடந்தது என்னவென்றால், அந்த ஃபிட்டிங் 400 வாட். ஃபிட்டிங்குக்குள் ஒரு கண்டென்சர் இருந்தது. சோக் போட்ட மெர்குரி விளக்கின் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகிற பங்கு, ஏறத்தாழ 0.5, 0.6 என்று தாழ்ந்து கிடக்கும், அதைத் தூக்கத்தான் சப்ளைக்குக் குறுக்கே கண்டென்சர் போடுகிறார்கள், 250 வாட்டுக்கு 18 மைக்ரோஃபாரட், 400 வாட்டுக்கு 25 மைக்ரோஃபாரட் என்ற அளவில். கண்டென்சர் வேலை செய்யும்போது சப்ளை வயரில் வருகிற ஆம்பியர் குறைந்துவிடும், ஆனால் சோக்குக்கும் பல்புக்கும் நடுவில் ஓடுவது குறையாது. 400 வாட் ஃபிட்டிங்கில் உள்ளே 3.25 ஓடும்போது வெளியே 2.1 தான் தெரியும். அந்த 2.1, 250 வாட் பல்பின் ஆம்பியரோடு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போகிறது. அதனால் பையன் செய்ததில் அளவு சரி, அளந்த இடம் தப்பு. 400 வாட் சோக்கில் மாட்டிய 250 வாட் பல்ப் கணக்குப்படி 390 வாட் பக்கம் எடுத்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்தேன், கிளாம்பை எப்போதும் சோக்கிலிருந்து ஹோல்டருக்குப் போகிற வயரில்தான் மாட்ட வேண்டும், அந்த வயர் எது என்று கையால் தொடர்ந்து பார்த்த பிறகுதான்.

உங்கள் பட்டறையில் நாலு விளக்கு எரிகின்றன என்பது பெரிய வசதி. உங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எரிகிற ஒன்றைத் திறந்து, சோக்குக்கும் ஹோல்டருக்கும் நடுவிலுள்ள வயரில் கிளாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பைப் போட்டவுடன் பார்க்கக் கூடாது. மெர்குரி பல்ப் குளிர்ந்த நிலையில் பற்றும்போது முதலில் ஒரு முனையில் ஊதா நிறத்தில் மினுக்கும், அது ஆர்கான். அப்புறம் பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி நாலைந்து நிமிடத்தில் முழு வெளிச்சம் வரும். ஆரம்பத்தில் பல்புக்குக் குறுக்கே இருபது வோல்ட் சுமார்தான் இருக்கும், அதனால் ஆம்பியர் ஒன்றரை மடங்கு காட்டும், 250 வாட்டில் மூன்றுக்கு மேல். சூடேற ஏற இறங்கி வந்து ஓரிடத்தில் நிற்கும். கால் மணி நேரம் விட்டு அளக்கச் சொல்லுங்கள். 2.1 பக்கம் நின்றால் அது 250 வாட் மெர்குரி சோக், 3.2 பக்கம் நின்றால் 400. சப்ளை வோல்டேஜையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், 230க்கு மேலேயோ கீழேயோ இருந்தால் ஆம்பியரும் அதற்கேற்ப மாறியிருக்கும்.

ஆனால் இந்த அளவு, எரிகிற அந்த ஃபிட்டிங்கைப் பற்றித்தான் சொல்கிறது. எரியாத இரண்டிலும் அதே சோக் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முப்பது வருஷத்தில் யாராவது ஒரு தடவை சோக்கை மாற்றியிருப்பார்கள், கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். அதனால் எரியாததின் சோக்கையும் எரிவதின் சோக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: நீளம், தகடுகளின் அடுக்கு, எடை, டெர்மினல்கள் எத்தனை. 400 வாட் சோக் 250-ஐ விடக் கையிலெடுத்தவுடனே கனம் தெரியும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் சோக் அறுந்திருக்கிறதா, பாடியில் தொடுகிறதா என்று தெரியும். எந்த வாட் சோக் என்று அந்த ஓமை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதே மாதிரி தெரிந்த சோக்கோடு ஒப்பிட்டால் உதவும். இன்னொரு விஷயம், எரியாததற்குக் காரணம் பல்ப்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள், சப்ளை வோல்டேஜ் அப்படியே வர வேண்டும். மெர்குரிக்கு அதுவே பற்றப் போதும், உள்ளே துணை முனை ஒன்று வைத்திருப்பார்கள், அதனால் இக்னைட்டர் தேவையில்லை. ஹோல்டரில் ஒன்றும் வரவில்லை என்றால் சோக்கோ வயரோ அறுந்திருக்கிறது, புது பல்ப் வாங்கியும் பயனில்லை.

இக்னைட்டர் என்றேன் இல்லையா, அது உங்களுக்கு நல்ல அடையாளம். சோடியம் பல்பிலும், மெட்டல் ஹாலைடு என்கிற இன்னொரு வகை ஆர்க் பல்பில் பெரும்பாலானவற்றிலும் துணை முனை கிடையாது, பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஒரு துடிப்பு கொடுக்க வேண்டும், அதற்குத் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டப்பா இருக்கும். உங்கள் ஃபிட்டிங்குக்குள் அந்த டப்பா இருந்தாலோ, சோக்கில் மூன்றாவதாக ஒரு டெர்மினலில் இருந்து அறுந்த வயர் தொங்கினாலோ, அது சோடியத்துக்காகச் செய்ததாக இருக்கலாம். "இருக்கலாம்" என்று சொல்வதற்குக் காரணம், மெர்குரி சோக்கிலும் 220, 240 என்று வோல்டேஜுக்கு டேப்பிங் (சுற்றின் நடுவிலிருந்து தனி முனை) எடுத்து மூன்று டெர்மினல் வைப்பதுண்டு, டெர்மினலை மட்டும் எண்ணி முடிவுக்கு வர வேண்டாம். 250 வாட் மெர்குரி பல்பை 250 வாட் சோடியம் சோக்கில் மாட்டினால் முழு 3 ஆம்பியர் ஓடாது, ஏனென்றால் அந்த 3 என்பது 100 வோல்ட் பல்புக்கு எழுதியது, மெர்குரி 130 வோல்ட் பிடித்துக்கொள்வதால் கணக்குப்படி இரண்டரை ஆம்பியர் பக்கம் வரும். அதுவே பல்புக்கு 15, 20 சதவீதம் அதிகச் சுமை. எரியும், நன்றாகவே எரிகிற மாதிரி தெரியும், ஆயுள் கெடும். அதைவிட மோசம் இக்னைட்டரைக் கழற்றாமல் விடுவது, பல்பில் வோல்டேஜ் கூடுதலாக இருப்பதால் அது இன்னும் பற்றவில்லை என்று நினைத்து இக்னைட்டர் துடித்துக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு, மெர்குரி பல்பின் உள்பாகங்கள் அந்த அடிக்காகச் செய்தவை அல்ல.

எதிர்த்திசையில், மெர்குரி சோக்கில் சாதாரண சோடியம் பல்பை மாட்டினால் இக்னைட்டர் இல்லாததால் பற்றவே பற்றாது. மெர்குரி சோக்கில் அப்படியே மாட்டுவதற்கென்று 110, 210 அல்லது 220, 350 வாட்டில் தனி சோடியம் பல்புகள் வந்தன, 125, 250, 400 வாட் மெர்குரிக்குப் பதிலாக. அந்த விசித்திரமான வாட் எண்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் நான் மேலே சொன்னதே திரும்ப வரும்: அந்தச் சோக் கொடுக்கிற ஆம்பியருக்கு 100 வோல்ட் பல்ப் என்ன வாட் எடுக்குமோ அதுதான் அந்த எண். சோக்கை மாற்ற முடியாது, பல்பைச் சோக்குக்கு ஏற்றபடி செய்தார்கள்.

நீங்கள் வாங்கிய பல்பையும் ஒருமுறை எடுத்து எழுத்தைப் படித்துவிடுங்கள். மெர்குரி என்றால் எச்.பி.எல். அல்லது எச்.கியூ.எல். என்றோ, எச்.பி.எம்.வி. என்றோ இருக்கும். எம்.எல். அல்லது எச்.டபிள்யூ.எல். என்றிருந்தால் அது பிளெண்டட் பல்ப், வெளித்தோற்றம் அச்சு அசலாக மெர்குரிதான், ஆனால் உள்ளே டங்ஸ்டன் கம்பியே சோக்கின் வேலையைச் செய்யும், நேராகச் சப்ளையில் மாட்ட வேண்டியது. 160 வாட், 500 வாட் என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை, அந்த வாட்டில் நம்மிடம் புழங்குவது பிளெண்டட்தான். 250-ல் மட்டும் இரண்டும் உண்டு, உங்கள் கையில் இருப்பதும் 250, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். பிளெண்டட்டைச் சோக்கில் மாட்டினால் சரியாக எரியாது, பெரிய ஆபத்து இல்லை. நேர்ச் சப்ளையில் இருக்கும் பிளெண்டட் ஹோல்டரில் தெரியாமல் மெர்குரியை மாட்டினால் அது வெடிக்கக்கூடிய விஷயம். அப்பா காலத்து ஃபிட்டிங் எதிலாவது சோக் இல்லாமல் நேராக வயர் போயிருந்தால் அதை முதலில் கண்டுபிடித்துவிடுங்கள்.

இணையத்தில் தேடினால் "மெட்டல் ஹாலைடு சோக்கில் மெர்குரி பல்பை மாட்டலாம், மறுபக்கம் கூடாது" என்று நிறைய இடத்தில் படிப்பீர்கள். அது பொய்யில்லை, ஆனால் அமெரிக்கா சம்பந்தப்பட்டது. அங்கே 400 வாட் மெர்குரிக்கு எச்-33, 250 வாட்டுக்கு எச்-37 என்று குறியீடு வைத்திருக்கிறார்கள், எம்-59 என்ற ஹாலைடு பெட்டி எச்-33 பல்பை எரிக்கும். அங்கே சப்ளை 120 வோல்ட் என்பதால் தனிச் சோக் போதாது, டிரான்ஸ்பார்மரும் சேர்ந்த பெட்டி. நம்முடையது வேறு ஏற்பாடு, அந்த விதியை இங்கே கொண்டுவராதீர்கள். இன்னொன்று, அங்கே 60 சைக்கிள், இங்கே 50; கரண்ட் வினாடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னுமாக ஓடுகிறது என்பதுதான் சைக்கிள், இப்போது ஹெர்ட்ஸ் என்கிறார்கள். சோக்கின் தடை சைக்கிளைப் பொறுத்தது, 60-க்குச் சுற்றியதை 50-ல் போட்டால் தடை ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஆம்பியர் ஏறிவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1902-ல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்தில் இருந்து தங்கவயல் சுரங்கங்களுக்கு வந்த கரண்ட் 25 சைக்கிள். பெங்களூரில் 1905-ல் மார்க்கெட் பக்கம் தெருவிளக்கு எரிந்ததும் அதே சிவனசமுத்திரத்துக் கரண்டில்தான். காயில் சுற்றிய எந்தச் சாமானையும் வாங்கும் முன் "எத்தனை சைக்கிள்" என்று கேட்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

சீட்டு தெளிவாக இருக்கிற சோக்காக இருந்தாலும் முப்பது வருஷத்துக்குப் பின் அது எழுதியபடி நடக்கும் என்று நான் நம்ப மாட்டேன். நல்ல சோக்கில் டி.டபிள்யூ. 130 என்று போட்டிருப்பார்கள், வைண்டிங் 130 டிகிரியிலேயே தொடர்ந்து இருந்தால் பத்து வருஷம் தாங்கும் என்று அர்த்தம். தகரக் கூரைக்கு ஒட்டி, ஏப்ரல் வெயிலில், எண்ணெய்ப் புகையில் தொங்குகிற சோக்கின் இன்சுலேஷன் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தடை குறையும், ஆம்பியர் ஏறும், சோக் உறுமும், பல்ப் மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருக்கும். பல்ப் மட்டமான சரக்கு என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். ஒரே ஃபிட்டிங்கில் வருஷத்துக்கு ஒரு பல்ப் போகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சோக்கைத்தான். அதே மாதிரி டேப்பிங் இருக்கிற சோக்கில் எந்த முனையில் வயர் இருக்கிறது என்று பாருங்கள். ராத்திரி பக்கத்துக் கம்பெனிகள் எல்லாம் மூடிய பிறகு உங்கள் லைனில் 245, 250 வந்தால், 220 முனையில் மாட்டிய பல்ப் பாடுபடும். சோக் விளக்கில் வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினால் வாட் 10 சதவீதம் பக்கம் ஏறும்.

லேத் பட்டறை என்பதால் இரண்டு விஷயம். வெளிக் கண்ணாடி விரிசல் விட்டோ உடைந்தோ உள்ளே குழாய் எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். வெளிக் கண்ணாடிதான் புற ஊதாவை நிறுத்துகிறது, அது இல்லாமல் கீழே நின்று வேலை செய்தால் கண்ணாடி போடாமல் வெல்டிங் பார்த்த கண் மாதிரி ராத்திரி முழுக்க மணல் அறுக்கும், தோலும் எரியும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடுகிற இடம் இது, விடாதீர்கள். அடுத்தது, ஆறு விளக்கையும் ஒரே ஃபேஸில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சோக் விளக்கு வினாடிக்கு நூறு தடவை மங்கித் தெளியும். லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கிற சக், நாலு தாடைச் சக் 1500 ஆர்.பி.எம்.மில், மூன்று தாடைச் சக் 2000-ல் சுற்றினால் கணக்குப்படி வினாடிக்குச் சரியாக நூறு தாடை கடக்கிறது, அந்த வெளிச்சத்தில் சக் நின்ற மாதிரி கண்ணுக்குத் தெரியலாம். பல்பின் பூச்சு இதை ஓரளவு மழுப்பும், முழுக்க இல்லை. பக்கத்துப் பக்கத்து விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுத்தால் ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும், பழைய ஆட்கள் அப்படித்தான் வயர் இழுத்திருப்பார்கள், பின்னால் வந்தவர்கள் கலைத்திருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகு, மெர்குரியைத்தான் தொடர வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்பாட்டில் பொது வெளிச்சத்துக்கான மெர்குரி பல்பு தயாரிப்பை 2020-ல் நிறுத்த வேண்டும் என்று வைத்தார்கள், இந்தியாவும் 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் இனி கிடைப்பது பெரும்பாலும் கடையில் தங்கிய சரக்கு. மெர்குரி பல்ப் பட்டென்று சாகாது, மங்கிக்கொண்டே எரியும், எரிகிற உங்கள் நாலும் இப்போது பாதி வெளிச்சம்தான் தருகின்றன என்றாலும் எனக்கு ஆச்சரியமில்லை. சோக் இரண்டும் நல்லது, ஆம்பியர் ஒத்துப்போகிறது என்றால் வாங்கிய பல்பை மாட்டுங்கள், வீணாக்க வேண்டாம். சோக் சந்தேகம் என்றால் அதற்குச் செலவு செய்யாமல் அந்த இரண்டையும் எல்.இ.டி. ஆக்கிவிடுங்கள். அதே ஹோல்டரில் ஏறுகிற எல்.இ.டி. பல்ப் வாங்கினால் சோக்கை வெளியே எடுத்து நேர்ச் சப்ளை கொடுக்க வேண்டும், கண்டென்சரையும் கழற்ற வேண்டும். அப்படி மாற்றிய ஃபிட்டிங்கின் மேல் "சோக் இல்லை" என்று பெயின்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு யாரோ ஏணியில் ஏறி மிச்சமிருக்கிற மெர்குரி பல்பை அதில் மாட்டக் கூடாது. போன பல்புகளைக் குப்பையில் எறியாமல் அட்டைப்பெட்டியிலேயே வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

நான் உங்கள் சோக்கைப் பார்க்காமல் பேசுகிறேன். ஆம்பியர் எண்களும் சோக் வேலை செய்யும் விதமும் எனக்குச் சந்தேகமே இல்லாதவை. மாற்றிப் போட்டால் எத்தனை வாட் வரும் என்று சொன்னவை கணக்கு, உங்கள் சோக்கில் கொஞ்சம் முன்பின் ஆகும். உங்கள் ஃபிட்டிங்கில் இருப்பது எது என்பது அளந்தால்தான் தெரியும். எரிகிற ஒன்றில் சோக்குக்கும் ஹோல்டருக்கும் நடுவில் கால் மணி நேரம் கழித்து எடுத்த ஆம்பியர், அப்போதைய சப்ளை வோல்டேஜ், எரியாத ஃபிட்டிங்குக்குள் டப்பாக்கள் எத்தனை, பல்பின் மேல் இருக்கிற எழுத்து, இந்த நாலையும் எழுதுங்கள். சோக்கின் டெர்மினல் பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து ஒரு படமும் எடுங்கள், சீட்டு கருகியிருந்தாலும் சில சோக்குகளில் தகட்டிலேயே எண் குத்தியிருப்பார்கள். மெயினை அணைத்துவிட்டு, கண்டென்சரில் மிச்சம் இருப்பதை எலக்ட்ரீஷியன் இறக்கிய பிறகு கை வையுங்கள்.